பேராசை யாருடையது? நீதிக்கதை நூல்களைத் தெரிவுசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்கென வாசிப்பு நூல்களைத் தெரிவுசெய்து தொகுக்கும் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தரம் மூன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளுக்காக நீங்கள் தொகுத்த விலங்குக் கதை நூல் எங்கள் பாடசாலைக்கு வந்து ஒரு தவணை முடிந்துவிட்டது. எழுத்துப் பெரிதாக இருக்கிறது, தாள் எளிதில் கிழிவதில்லை, படங்களில் நரி நரியைப் போலவே இருக்கிறது. நூலகம் என்ற பெயரில் ஓர் அலுமாரி மட்டுமே உள்ள பாடசாலைகளுக்கு இது சிறிய உதவி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அந்த நூலை விரும்பி எடுக்கிறார்கள். அட்டையின் மூலைகள் மடங்கி வெளுத்துப்போகும் அளவுக்கு எடுக்கிறார்கள். அந்த விருப்பம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது. யாரும் திறவாத நூலில் என்ன அச்சிட்டிருந்தாலும் எனக்குக் கவலை இருந்திராது.

நூலில் உள்ள கதைகளில் பாதிக்கு மேற்பட்டவை பேராசையைக் கண்டிப்பவை. ஆற்று நீரில் தன் நிழலைக் கண்டு வாயிலிருந்த இறைச்சியைத் தவறவிட்ட நாய், தேனில் கால் ஒட்டிக்கொண்டு இறந்த ஈக்கள், மரப்பொந்துக்குள் இருந்த உணவை உண்டு வயிறு பருத்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்ட நரி, வில்லின் நாணைக் கடித்து உயிரை விட்ட இன்னொரு நரி, பொன் முட்டையிட்ட வாத்து என்று அவை வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வண்ணக் கட்டத்துக்குள் நீதி தரப்பட்டிருக்கிறது. கதைகளை விட்டுவிட்டு அந்தக் கட்டங்களை மட்டும் ஒருமுறை தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். கிடைத்ததைக் கொண்டு திருப்தியடைய வேண்டும், இருப்பதற்கு மேல் கேட்கக் கூடாது, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று ஒரே குரல் திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கும் பிள்ளையோ காலையில் ஒரு ரொட்டித் துண்டும் பிளேன்டீயும் உட்கொண்டுவிட்டு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஆறேழு பேர் படுத்தெழும் லயன் அறையிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வந்த பிள்ளை.

உங்கள் தொகுப்பில் பேராசைக்காரராக வருபவை எல்லாம் பசித்த சிறிய உயிர்கள். சிங்கம் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் எலியை மன்னித்து அனுப்பிவைக்கும் பெருந்தன்மையாளராக வருகிறது. கொக்கும் நண்டும் கதையைச் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் அதன் கட்டத்தில் கொக்கின் பேராசை பற்றி ஒரு சொல்லும் இல்லை, 'சமயோசிதமாக நடந்தால் ஆபத்திலிருந்து தப்பலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. என் முறைப்பாடு இதுதான். இந்தக் கதைகள் பிறந்த இடங்களில் அவை பெரும்பாலும் ஆள்பவர்களையும் உடையவர்களையும் நோக்கிச் சொல்லப்பட்டன. நாம் அவற்றைத் திருப்பிப் பிடித்து, இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு ஆசைப்படாதே என்று சொல்லப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

நாயின் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஈசாப்பின் பெயரில் வழங்கும் இக்கதையைக் கி.பி. முதலாம் நூற்றாண்டில் இலத்தீன் செய்யுளாக்கியவர் பீட்ரஸ். அகஸ்டஸ் பேரரசரால் விடுவிக்கப்பட்ட அடிமை என்று சுவடிகள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவருடைய நாய் ஒன்று இருக்க இரண்டுக்கு ஆசைப்பட்ட நாய் அல்ல. நீருக்குள் தெரிவது வேறொரு நாய் என்று நம்பி, அதன் வாயிலிருந்த பங்கைப் பறிக்கப் பாய்ந்த நாய். பிறர் பொருளைக் கவர நினைப்பவன் தன் பொருளையும் இழப்பது தகும் என்பதே அங்கே சொல்லப்படும் நீதி. உங்கள் கட்டத்தில் 'பிறர்' என்பது காணாமற்போய், 'மேலும் வேண்டும் என்று ஆசைப்படாதே' என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. பறிப்பதும் விரும்புவதும் ஒன்றாகிவிட்டன. அதே கவிஞர் தமது மூன்றாம் நூலின் முன்னுரையில், அடிமைகள் தாம் சொல்ல விரும்பியதை வெளிப்படையாகச் சொல்லத் துணியாமல் கட்டுக்கதைகளுக்குள் புகுத்தியதால்தான் இந்த வகைக் கதைகளே பிறந்தன என்றும் எழுதியிருக்கிறார். கூலிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு நூல் தொகுப்பவர்கள் இந்த ஒரு செய்தியையாவது மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பீட்ரஸின் முதலாம் நூலில் நாயின் கதைக்கு அடுத்தாற்போல் வருவது சிங்கப் பங்கு கதை. பசு, வெள்ளாடு, செம்மறியாடு ஆகிய மூன்றும் சிங்கத்தோடு கூட்டுச் சேர்கின்றன. ஒரு பெரிய மான் கிடைக்கிறது. சிங்கம் அதை நான்கு பங்காக்கிவிட்டுப் பேசத் தொடங்குகிறது: நான் சிங்கம் என்பதால் முதற்பங்கு எனக்கு, வீரத்தில் உங்களுக்குக் கூட்டாளி என்பதால் இரண்டாம் பங்கும் எனக்கு, உங்களைவிட வலிமை உடையவன் என்பதால் மூன்றாவதும் என்னைச் சேரும், நான்காவதைத் தொட்டவருக்குக் கேடு. இந்தக் கதையை உங்கள் நூலில் தேடிப் பார்த்தேன், இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இதைப்போல் விளங்கக்கூடிய கதை வேறொன்று இருக்க முடியாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாயின் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளை, சாக்குக்கு இவ்வளவு கழிவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, முற்றல் இலைக்கு இவ்வளவு கழிவு என்று தராசு காட்டிய எடை கொப்பியில் ஏறும்போது குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். சிங்கமும் காரணம் சொல்லித்தான் எடுத்தது.

இந்தியப் பக்கக் கதைகளும் அப்படியே. பஞ்சதந்திரம், படிப்பு ஏறாத மூன்று அரசகுமாரருக்கு விஷ்ணுசர்மர் சொன்னதாக அமைந்த நூல். நாளை நாடாளப் போகிறவர்களுக்கான பாடம் அது. மகாபாரதத்தில், சூதாட்டம் நடக்கும் சபையில், விதுரர் திருதராட்டிரனுக்கு ஒரு பறவைக் கதை சொல்கிறார். பொன்னை உமிழும் காட்டுப் பறவைகளைத் தன் வீட்டில் வளர்த்த அரசன் ஒருவன், எல்லாப் பொன்னையும் ஒரேயடியாகப் பெறும் ஆசையில் அவற்றைக் கொன்று, இருந்ததையும் இனி வரவிருந்ததையும் சேர்த்து இழந்தான். தொடர்ந்து, பூந்தோட்டத்தைப் பேணிப் பூவெடுக்கும் மாலைக்காரனைப்போல் நடந்துகொள், மரத்தை வேரோடு எரிக்கும் கரிக்காரனைப்போல் நடந்துகொள்ளாதே என்றும் அரசனுக்கு அறிவுரை சொல்கிறார். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிவிட்டுச் செடியை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஆசிரியர் தேவையில்லை. உங்கள் நூலில் இருக்கும் பொன் முட்டை வாத்துக் கதைக்கு இது மிக நெருங்கிய உறவு. ஆனால் இங்கே குற்றம் சாட்டப்படுபவன் அரசன், அங்கே ஒரு குடியானவன்.

வில் நாணைக் கடித்த நரியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சுருக்கியதில்தான் அதிகம் இழந்திருக்கிறீர்கள். வேடனும் காட்டுப்பன்றியும் ஒருவரையொருவர் கொன்று கிடக்கும் இடத்துக்கு நரி வருகிறது. பல நாட்களுக்கு உணவு கிடைத்துவிட்டதென்று கணக்குப் போடுகிறது. இறைச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வில்லில் கட்டியிருக்கும் நரம்பைத் தின்று வைப்போம் என்று கடிக்கிறது. நாண் அறுந்து வில்லின் முனை பாய்ந்து சாகிறது. இந்த நரி அதிகம் தின்று சாகவில்லை. இருப்பதைத் தின்னாமல் சேர்த்துவைக்கப் போய்ச் சாகிறது. பஞ்சதந்திரத்தில் இந்தக் கதையைச் சொல்பவன் ஓர் ஏழைப் பிராமணன். விருந்தினருக்குக் கொடுக்க வீட்டில் எதுவும் இல்லையே என்று கோபித்துக்கொள்ளும் மனைவிக்கு, இருப்பதில் சிறிது கொடுக்கலாம் என்று எடுத்துரைக்க அவன் இதைச் சொல்கிறான். அங்கே வரும் செய்யுளின் கருத்து, அளவுக்கு மிஞ்சிய ஆசை கூடாது, ஆனால் ஆசையை அறவே விட்டுவிடவும் கூடாது என்பதாகும். இந்த இரண்டாவது பாதி உங்கள் கட்டத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால், பல்கலைக்கழகம் வரை படிக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உத்தரவாதமாக இருந்திருக்கும்!

திருக்குறளும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது. பிறர் பொருளைக் கவர விரும்பாமை பற்றிய 'வெஃகாமை' இல்லறவியலில் 18ஆம் அதிகாரம். ஆசையை அடியோடு அறுப்பது பற்றிய 'அவாவறுத்தல்' துறவறவியலின் கடைசியில் 37ஆம் அதிகாரம். குடும்பம் நடத்துகிறவனிடம் பிறருடையதைப் பறிக்காதே என்று கேட்ட வள்ளுவர், ஆசையையே அறு என்று துறவியிடம்தான் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளை துறவி அல்ல.

அன்னத்தின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இந்தத் தீவில் இரண்டு மொழிகளிலும் வாழும் கதை. புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் 547 ஜாதகக் கதைகளில் 136ஆவது அது. இறந்துபோன ஒரு குடும்பத்தலைவன் பொன் இறகுகள் கொண்ட அன்னமாகப் பிறந்து, வறுமையில் வாடும் தன் மனைவியையும் மூன்று பெண்மக்களையும் நினைத்து, அவ்வப்போது வந்து ஓர் இறகைக் கொடுத்துவிட்டுப் போகிறான். குடும்பம் தலையெடுக்கிறது. தாய்க்கு ஒரு நாள் அச்சம் வருகிறது: விலங்கின் மனதை யாரால் அறிய முடியும், ஒருநாள் வராமலே நின்றுவிட்டால் நாம் என்ன செய்வது, அடுத்த முறை வரும்போது எல்லா இறகையும் பிடுங்கிவிடுவோம் என்கிறாள். அப்பாவுக்கு வலிக்குமே என்று பெண்மக்கள் மறுக்கிறார்கள். தாய் கேட்கவில்லை. விருப்பத்துக்கு மாறாகப் பிடுங்கப்பட்ட இறகுகள் எல்லாம் சாதாரணக் கொக்கிறகாக மாறிவிடுகின்றன. பறக்க முடியாத பறவையை அவள் ஒரு பெரிய பானைக்குள் விட்டு உணவு கொடுக்கிறாள். பிறகு வெள்ளை இறகு முளைத்து அது பறந்துபோய்விடுகிறது, திரும்பி வருவதே இல்லை.

பெண்மக்களின் மறுப்பும் தாயின் அச்சமும் இல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது வெறும் எச்சரிக்கையாகச் சுருங்கிவிடும். அவற்றோடு சொல்லும்போதுதான் பிள்ளைகள் பேசத் தொடங்குகிறார்கள். அந்தத் தாய் கெட்டவளா, பயந்தவளா? அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரியாத வீட்டில் இருப்பதை எல்லாம் இன்றே எடுத்துவிட நினைப்பது பேராசையா? நம் வீடுகளில் இந்தக் கேள்வி கதைக்கு வெளியேயும் இருக்கிறது. அதே வேளையில் அந்தத் தாய் செய்தது தவறு என்பதிலும் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வருவதில்லை. வலிக்குமே என்று சொன்ன பெண்மக்கள் அவர்களுடைய வயதுக்காரர்கள். புத்தர் இக்கதையைச் சொன்ன சந்தர்ப்பமும் கவனிக்கத்தக்கது. பக்தர் ஒருவர் பிக்குணிகளுக்கென வழங்கிய வெள்ளைப்பூண்டை, வயலுக்கே போய் அளவில்லாமல் அள்ளிக்கொண்டு சென்ற துல்லநந்தா என்ற பிக்குணியைக் கண்டிப்பதற்காகவே அது சொல்லப்பட்டது. கொடுப்பவரின் பொறுமையைச் சோதித்த ஒரு பெரியவர் கண்டிக்கப்பட்டார், கேட்டு வாங்கிய ஏழை அல்ல. பாதைக்கு அப்பால் இருக்கும் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த கதை என்பதால், ஈசாப்பின் வாத்தையும் ஜாதகத்தின் அன்னத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டால் இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து பேச ஒரு பொருள் கிடைக்கும்.

இனிக் கொக்கு. ஜாதகக் கதைகளில் 38ஆவதாக வருவதும் பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் வருவதும் ஏறத்தாழ ஒரே கதைதான். குளம் வற்றப்போகிறது, தாமரை நிறைந்த வேறொரு பெரிய குளத்துக்கு உங்களைத் தூக்கிச் செல்கிறேன் என்று கொக்கு மீன்களிடம் சொல்கிறது. ஜாதகத்தில் மீன்கள் எளிதாக நம்பவில்லை. கொக்கு மீனைப் பற்றி அக்கறைப்பட்டதாக உலகம் தோன்றிய நாளிலிருந்து கேள்விப்பட்டதில்லை என்கின்றன. அப்படியானால் ஒருவரை அனுப்பிப் பாருங்கள் என்று கொக்கு சொல்ல, ஒற்றைக்கண் மீன் ஒன்றைத் தேர்ந்து அனுப்புகின்றன. கொக்கு அதைத் தூக்கிப்போய் உண்மையிலேயே குளத்தைக் காட்டி, திரும்பவும் கொண்டுவந்து விடுகிறது. அந்த மீன் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் மற்றவை சம்மதிக்கின்றன. பிறகு நடப்பது தெரிந்ததே: மரத்தடியில் முள் குவிகிறது. எல்லா மீனையும் தின்று தீர்த்த பிறகும் போதாமல் நண்டையும் தூக்கிப் போகப் பார்த்த அந்தக் கடைசி ஆசையில்தான் கொக்கின் கழுத்து அறுகிறது.

இந்தக் கதையை மலையகத்தில் 'சமயோசிதம்' என்ற தலைப்பில் சொல்வதற்கு நமக்கு எப்படி மனம் வந்தது? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி நம் முன்னோரை அழைத்துவந்த கதை ஒவ்வொரு லயத்திலும் இன்றும் பேசப்படுகிறது. பஞ்சம் பிழைக்க வழி தேடிய ஊர்களுக்குப் போய் ஆள் கட்டிய கங்காணி, பெரும்பாலும் அதே ஊரிலிருந்து முன்பு போய், நல்ல உடுப்போடு திரும்பி வந்தவர். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்பினார்கள். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. முற்பணமோ வந்தவர்களின் கடனாக நின்றது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றபோது, அந்தப் பாதையில் விழுந்து இறந்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஒற்றைக்கண் மீனை வகுப்பில் சொன்னால், தாத்தாவின் தாத்தா எப்படி வந்தார் என்று வீட்டில் கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்பலாம். வரலாற்றுப் பாடம் தானாகத் தொடங்கும்.

என் வகுப்பில் நடந்த ஒன்றையும் எழுதுகிறேன். நாயின் கதையை வாசித்து முடித்த பின், நீங்கள் கண்ட விலங்குகளில் பேராசை பிடித்தது எது என்று நான்காம் தரத்தில் கேட்டேன். அட்டை என்றான் ஒருவன். மழை நாட்களில் தாய்மார் மலைக்குப் போகும் முன் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வதை எல்லோரும் அறிவார்கள் என்பதால் வகுப்பு முழுவதும் ஆமோதித்தது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "இல்ல டீச்சர், அட்டை வகுறு ரொம்பிருச்சுன்னா தானா விழுந்துரும்" என்றாள். அதன் பிறகு காட்டுப்பன்றி விசாரிக்கப்பட்டது. தின்பதைவிடக் கிண்டி நாசமாக்கும் மரக்கறி அதிகம் என்று சிலர் வாதிட, குட்டிகளோடு வருகிறதே என்று மற்றவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குரங்கு கன்னத்துக்குள் அடக்கிவைப்பது களவா சேமிப்பா என்பதில் மணி அடிக்கும் வரை முடிவு வரவில்லை. கட்டத்துக்குள் இருந்த நீதியை அன்று யாரும் கொப்பியில் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

ஆகவே இரண்டாம் பதிப்பு வருமானால், நீதிக் கட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வியை மட்டும் விடுங்கள். அல்லது வெறுமையாகவே விடுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேனில் விழுந்த ஈக்களின் கதை போனாலும் பாதகமில்லை. சிங்கப் பங்கும் பொன் உமிழ்ந்த பறவைகளும் கட்டாயம் வேண்டும். கொக்கின் கதையில் ஒற்றைக்கண் மீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நரியின் கதையில் ஏழை வீட்டு உரையாடலைச் சேருங்கள், ஒரு பக்கம் கூடினாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு நீளமான கதை ஏறாது என்று சிலர் சொல்லக்கூடும். இரவில் அம்மாயி சொல்லும் கதை எவ்வளவு நீளம் என்பதை அப்படிச் சொல்பவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் குழுவில் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு கற்பிப்பவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முன்னுரையில் தெரியவில்லை. அடுத்த தெரிவுக் கூட்டத்துக்கு எங்களில் சிலரை அழைத்தால், பிள்ளைகள் எழுதிய அட்டைக் கதைகளையும் பன்றிக் கதைகளையும் கொண்டுவருகிறோம். சில கதைகளில் எழுத்துப்பிழை நிறைய உண்டு, திருத்தாமல்தான் கொண்டுவருவோம். கூட்டத்தைச் சனிக்கிழமை பத்து மணிக்குப் பின் வைத்துக்கொண்டால் நல்லது. மேல் டிவிசன்களிலிருந்து காலை பஸ் அதற்கு முன் ஹட்டனுக்கு வந்து சேராது.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.